வேலைக்கு முன் ஒரு வகுப்பு: அம்பேத்கரின் கல்லூரிக் கனவு

1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர், பம்பாயின் ஒற்றை அறைக் குடியிருப்பொன்றில் பின்னிரவில் விழித்துப் படித்தவர். பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பிய அவருக்குச் சாதியின் பெயரால் அது மறுக்கப்பட்டது, பாரசீகமே வாய்த்தது. 1913இல் பரோடா அரசரின் உதவித்தொகையால் கொலம்பியா சென்றார். பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் ஆகியவற்றையும் கற்றார். 1916இல், அங்கு நடந்த மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். ஒடுக்குமுறையை விளக்கும் கருவி, மறுக்கப்பட்ட அந்த அறிவுத்துறைகளில்தான் இருந்தது.

அக்கல்வியைப் பிறருக்கும் திறந்துவிடவே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த் கலை அறிவியல் கல்லூரி தொடங்கியது. பகலில் வேலைக்குச் செல்வோரும் பட்டம் பெறும் வகையில் அங்கே காலை வகுப்புகள் நடந்தன. 1950இல் அவுரங்காபாத்திலும் ஒரு கல்லூரி எழுந்தது. 1956இல் அவர் மறைந்தார்.

ஏழைகளுக்குத் தொழிற்பயிற்சியே போதும் என்னும் குரல் இன்றும் ஒலிக்கிறது. பிழைக்கக் கற்றுத்தந்து, வினவக் கற்றுத்தராத கல்வி பழைய தடையின் புதிய வடிவமே. உழைக்கும் பெரியவர்களுக்கு வரலாறும் மெய்யியலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது சலுகை கோருவதன்று. அவர் தொடங்கிய பணியின் மிச்சம்.