வீரபாண்டிய கட்டபொம்மன்

வீரபாண்டிய கட்டபொம்மன் (ஜனவரி 3, 1760 – அக்டோபர் 16, 1799) திருநெல்வேலிச் சீமையின் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தை ஆண்ட பாளையக்காரர் ஆவார். விடுதலை வீரராகப் போற்றப்படும் இவர்மீது கொள்ளைக் குற்றச்சாட்டும் உண்டு.

வரலாறு

ஆற்காட்டு நவாபுடன் 1792இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பாளையங்களில் வரி வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. வரி நிலுவை குறித்து 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுடன் நடந்த சந்திப்பு மோதலில் முடிந்தது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

குற்றச்சாட்டுகள்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் கம்பெனியின் நெற்களஞ்சியத்தை இவருடைய அமைச்சர் தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் கொள்ளையிட்டதாகக் கூறப்படுகிறது. வரி செலுத்தாமை, சிவகிரிப் பாளையத்தின் உட்பூசலுக்குப் படை அனுப்பியமை ஆகியனவும் விசாரணையில் குற்றங்களாகச் சாட்டப்பட்டன. பிற்காலத்தில் எழுத்தாளர் தமிழ்வாணன் இவரைக் கொள்ளைக்காரர் என்றே எழுதினார். ம. பொ. சிவஞானம் விடுதலை வீரராக எடுத்துரைத்தார்.

மதிப்பீடு

குற்றச்சாட்டுகளுக்கான சான்றுகள் பெரும்பாலும் இவரைத் தூக்கிலிட்ட கம்பெனியாரின் ஆவணங்களே. எனினும் இறுதி வேளையில் இவர் அஞ்சாது நின்றதைப் பானர்மேனின் அறிக்கையே பதிவு செய்துள்ளது. கொள்ளை குறித்த ஐயம் நீடித்தாலும், இவரது துணிவுக்குப் பகைவரே சாட்சியாக உள்ளனர்.

நினைவுச் சின்னங்கள்

தமிழக அரசு 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை அமைத்தது. 1999இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.