மொரப்பாக்கத்து இரட்டை வீரர் எம்.ஜே.கோபாலன்

மலருக்கு விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை அண்ணன் கேட்டதும், வகுப்பில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். டெண்டுல்கர் என்றான் ஒருவன். தோனியைத் தவிர வேறு யாரைப் பற்றி எழுதினாலும் படிக்க மாட்டேன் என்றான் இன்னொருவன். நண்பர்களே, நான் எழுத வந்திருப்பது இவர்களுக்கெல்லாம் பாட்டனார் வயதுள்ள ஒரு தமிழரைப் பற்றி. ஹாக்கி, கிரிக்கெட் என இரண்டு ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடியவர். பெயர் மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன், சுருக்கமாக எம்.ஜே.கோபாலன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆட்டம் என்றால் கபடியும் வாலிபாலும்தான். பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தால் ராத்திரி கண் விழித்துப் பார்ப்போம். ஹாக்கி மட்டையை நான் தொட்டுப் பார்த்ததே பாலிடெக்னிக் ஸ்போர்ட்ஸ் ரூமில்தான். அதனால் ஹாக்கியில் இந்தியா எப்படிப்பட்ட ராஜ்யம் நடத்தியது என்பதை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கோபாலன் கதை புரியாது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கி ஆடியது. தலைவர் ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடி மகன் ஜெய்பால் சிங். அந்தப் போட்டி முழுக்க இந்தியா ஒரு கோல் கூட வாங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே அமெரிக்காவுக்கு எதிராக 24-1! எழுத்துப் பிழை இல்லை, இருபத்து நாலு கோல்தான். அடிமை நாடாக இருந்த காலத்தில் உலகமே அண்ணாந்து பார்க்க நம்மிடம் இருந்த ஒரே ஆட்டம் இதுதான். தியான்சந்த் என்ற பட்டாளத்துக்காரர் பந்தை மட்டையில் ஒட்டிக்கொண்டு போவது போலக் கொண்டு போவாராம்.

இனி கோபாலன். 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. இவர் ஆடுவதைப் பார்த்து, இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டவர் ஒரு வெள்ளைக்காரர், சி.பி.ஜான்ஸ்டன். அவரும் கிரிக்கெட் ஆட்டக்காரர், சென்னையில் கிரிக்கெட் சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். பாராட்டிவிட்டுப் போய்விடாமல், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கோபாலனுக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் அரசு எடுத்துக்கொண்டு இன்று பாரத் பெட்ரோலியம் என்று இருக்கிறதே, அதே கம்பெனிதான்.

என்னைக் கேட்டால் கோபாலன் வாழ்க்கையில் முக்கியமான நாள் அந்த வேலை கிடைத்த நாள்தான். மெடல், கப் எல்லாம் அப்புறம். விளையாடுகிற பையனைப் பார்த்து, இதெல்லாம் சோறு போடுமா என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு அவர் கையில் மாதச் சம்பளம் என்ற பதில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று நாம் ஏங்குகிறோமே, அதன் பழைய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில் இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் ஒரு பக்கம் என்று வருடா வருடம் கிரிக்கெட் நடக்கும். ஜான்ஸ்டன் அந்தப் பக்கம், கோபாலன் இந்தப் பக்கம்! வேகமாகப் பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். 1934 ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்தை எதிர்த்துக் கல்கத்தாவில் நடந்த டெஸ்டில் இடம் கிடைத்தது. ஒரு விக்கெட் எடுத்தார், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன். ஆட்டம் டிரா.

அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், மதராஸுக்கும் மைசூருக்கும். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியது நம் கோபாலன் கை. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் சாய்த்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போச்சு! மதராஸ் இன்னிங்ஸ் வெற்றி.

கிரிக்கெட் இப்படி என்றால் ஹாக்கி? 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியில் கோபாலனும் இருந்தார். போகிற வழியில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடியதையும் சேர்த்து 48 ஆட்டம். நாற்பத்தெட்டிலும் வெற்றி. போட்ட கோல் 584, வாங்கியது 40. அதில் தியான்சந்த் ஒருவரே 201. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் அடுத்த வருடம் பெர்லின் ஒலிம்பிக் போவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். 1936-ல் கோடைக்காலம் முழுக்க இந்தியக் கிரிக்கெட் அணிக்கு இங்கிலாந்துப் பயணம். ஒலிம்பிக் ஹாக்கியும் அதே ஆகஸ்டில். இரண்டு பக்கமும் அழைப்பு. ஒன்றைத்தான் எடுக்க முடியும். கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு, தங்கத்தை விட்டுவிட்டாரே என்று சொல்வது சுலபம். கப்பல் ஏறும்போது தங்கம் கண்ணுக்குத் தெரியாதே! ஹாக்கியில் நிகரற்ற அணியில் பதினொன்றில் ஒருவராக ஆடிப் பார்த்துவிட்டார். கிரிக்கெட்டில் ஆடியதோ ஒரே ஒரு டெஸ்ட். இங்கிலாந்தில் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது தப்பா? எனக்கும் போன வருடம் மாவட்டக் கபடித் தேர்வும் செமஸ்டர் பிராக்டிகலும் ஒரே நாளில் வந்தது. அம்மா விடியற்காலை ஜீப் ஏறி மலை மேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் என்னைப் படிக்க வைக்கிறவர், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிராக்டிகலுக்குத்தான் போனேன். டீமில் எடுத்திருப்பார்களா மாட்டார்களா, அது யாருக்குத் தெரியும்? அதனால் கோபாலனை ஏமாளி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் நடந்தது என்னவோ கொடுமைதான். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் போன அந்தக் கிரிக்கெட் அணியில் ஒரே சண்டை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று டெஸ்டில் இரண்டு தோல்வி. மூன்றில் ஒன்றில் கூடக் கோபாலனுக்கு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு சென்னைக்காரர் கோட்டா ராமசாமி, அவரும் இரட்டை ஆட்டக்காரர்தான். டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் இறங்கி 40-ம் 60-ம் அடித்தார். அவருக்காவது வாய்ப்பு வந்தது.

பெர்லினில் இந்தியா பயிற்சி ஆட்டத்திலேயே ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. தியான்சந்துக்குத் தூக்கம் போய்விட்டது. அவசர அவசரமாக இந்தியாவிலிருந்து தாரா என்ற வீரரை வரவழைத்தார்கள். நல்ல ஆள் வேண்டும் என்று தியான்சந்த் தவித்த அந்த நேரத்தில், அவருக்குத் தெரிந்த ஒரு நல்ல ஆள் பக்கத்து இங்கிலாந்தில் சும்மா பெவிலியனில் உட்கார்ந்திருந்தார்!

14-ந் தேதி நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப் போய் ஆகஸ்ட் 15-ந் தேதி நடந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான். தொடர்ந்து மூன்றாவது தங்கம். அதே 1936 ஆகஸ்ட் 15-ந் தேதிதான் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியின் மூன்றாவது டெஸ்டும் ஆரம்பமானது. தேதிகளை எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த டெஸ்டில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒன்பது விக்கெட் தோல்வி. கோபாலன் அன்றும் ஆடவில்லை.

அடுத்த ஒலிம்பிக் 1940. உலகப் போர் வந்து அது நடக்கவே இல்லை. 1944-ம் அப்படியே போனது. 1948-ல் லண்டனில் சுதந்திர இந்தியா தங்கம் வாங்கியபோது கோபாலனுக்கு 39 வயது. டெஸ்ட் வாய்ப்பும் மறுபடி வரவில்லை. அந்த ஒன்றோடு சரி.

ஊருக்கு வந்து முடங்கிவிட்டாரா? இல்லை. மதராஸ் அணிக்குத் தொடர்ந்து ஆடினார், தலைமையும் தாங்கினார். பிறகு அகில இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்தார். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று சொல்லும் நாற்காலி அது. 1964-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவருடைய 25 ஆண்டு ஆட்டத்தைக் கொண்டாட 1952-53 பருவத்தில் கோபாலன் கோப்பை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மதராஸ் அணிக்கும் இலங்கைக்கும் நடக்கும் போட்டி. அன்று இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. கடலைத் தாண்டி வந்து ஆட அவர்களுக்கு ஆண்டுதோறும் அமைந்த பந்தயம் இதுதான். எண்பதுகளின் ஆரம்பம் வரை நடந்தது. அதற்குள் இலங்கையே டெஸ்ட் நாடாகிவிட்டது. அதன் முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரியில். ஒரே டெஸ்ட் ஆடியவர் பெயரிலான கோப்பையில் ஆடிப் பழகியவர்கள் டெஸ்ட் ஆடப் போனார்கள்.

கோபாலன் 2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 94. அன்றைக்கு உலகில் உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.