சம்புநாத் தே

சேதுக்கரையில் நீராடித் திருப்புல்லாணியை வணங்கி இராமேசுவரம் நோக்கி நடந்த யாத்திரிகர் கூட்டத்தோடு, ஒரு காலத்தில் வாந்திபேதியும் வழிநடந்தது. காலரா என்னும் அந்நோய் முற்றியவர் மணிக்கு ஒரு லிட்டர் அளவு நீரைக்கூட இழப்பார். கண்கள் குழியும், நாடி ஒடுங்கும், சிறுநீர் நின்றுவிடும். இன்று அத்தகையவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, இழந்த நீரைக் கணக்கிட்டுச் சிரை வழியே ஈடுசெய்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் இவ்வாறு உப்புநீர் செலுத்திப் பலரைக் காத்தார். ஆயினும், குடலிலிருந்து அவ்வளவு நீர் ஏன் கொட்டுகிறது என்பது விளங்காமலே இருந்தது. அதனை விளக்கியவர் சம்புநாத் தே.

வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கரிபாட்டி என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில், 1915ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939இல் மருத்துவரானார். இலண்டனில் ராய் கேமரான் என்பாரிடம் நோய்க்குறியியல் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியவரின் உள்ளம் காலராவிலேயே நிலைத்தது.

காலராக் கிருமியை இராபர்ட் காக் 1884இல் அறிவித்துப் பல்லாண்டுகள் கடந்திருந்தன. அதன் நஞ்சைத் தேடியவர்களோ பெரும்பாலும் விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். நோய் நிகழுமிடம் குடலாயிருக்க, வேறிடத்தில் தேடுவானேன் என்று தே எண்ணினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் புடைத்திருந்தது. கிருமியில்லாப் பகுதி வாடியே கிடந்தது. நூலும் முயலும் கூர்ந்த பார்வையும் போதுமானவையாயிருந்தன. இது 1953இல் வெளியாயிற்று. கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய திரவமும் குடலைப் புடைக்கச் செய்தது என்பதை 1959இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். கிருமி தான் வெளியிடும் நஞ்சினால் குடலை நீர் சுரக்கச் செய்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

குடற்சுவர் அழிந்துபோவதில்லை என்பதைப் பின்வந்தோர் ஆய்வுகளும் உறுதிசெய்தன. அழியாத குடல் சர்க்கரையையும் உப்பையும் நீரையும் உறிஞ்சவல்லது. இதனைக் கொண்டே, 1971இல் பொங்காவ் அகதி முகாமில் திலீப் மகலானாபிஸ் சிரைநீர் தீர்ந்துபோன நிலையில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகத் தந்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிற்று.

அந்நஞ்சைத் தூய்மைப்படுத்திப் பிரிக்கவும் தே முயன்றார். உரிய கருவிகள் கிட்டவில்லை. அப்பணி 1969இல் அமெரிக்காவில் நிறைவேறிற்று. நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பெர்க், தேயின் பெயரை அப்பரிசிற்குப் பன்முறை பரிந்துரைத்தார். தாயகத்தின் பெரிய அறிவியற் கழகங்களோ அவரை உறுப்பினராக்கவில்லை. இது வியப்பன்று, வருத்தத்திற்குரியது. 1978இல் நோபல் அறக்கட்டளை நடத்திய கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டபோது அவர் பணி ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. 1985 ஏப்ரல் 15 அன்று மறைந்தார். கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990இல்.