பஞ்சரத்தினம் கண்ட முக்கோணம்

சர் சி. வி. இராமனைத் தமிழுலகம் நன்கறியும். ஒளியியல் அறிஞர் உலகெங்கும் போற்றும் அவர்தம் சகோதரி மைந்தர் பஞ்சரத்தினத்தை நம் மாணவர் அறியார். கெலிஓயாவில் தமிழ் கற்பிக்கும் யான் பௌதிகம் பயின்றவனல்லேன். எனினும் இவ்வரலாற்றைச் சொல்லாது விடுதல் தகாதென எண்ணுகின்றேன்.

1934இல் கல்கத்தாவிற் பிறந்த சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம், தாய்மாமன் பெங்களூரில் நிறுவிய இராமன் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, செவ்வந்திக்கல் முதலாய பளிங்குகளினூடே ஒளி செல்லும் வகையை ஆராய்ந்தார்.

ஒளியலை அதிரும் அமைதியை முனைவாக்கம் என்பர். ஒவ்வொரு முனைவாக்கத்தையும் ஓர் உருண்டையின் மேற் புள்ளியாகக் குறிக்கலாம். ஒளி மூன்று நிலைகளைக் கடந்து தொடங்கிய நிலைக்கே மீளுமாயின், பழைய ஒளியே போலத் தோன்றும். ஆயினும் அலையின் ஏற்ற இறக்கம் சிறிது பிறழ்ந்திருக்கும். அம்மூன்று புள்ளிகள் ஆக்கும் முக்கோணம் உருண்டையின் நடுவே தாங்கும் திண்மக் கோணத்திற் பாதியே அப்பிறழ்ச்சி. இதனை அவர் 1956இல், தமது 22ஆம் வயதில், இந்திய விஞ்ஞானக் கழக இதழில் வெளியிட்டார்.

பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். 1964இல் ஒக்ஸ்போர்டு சென்றார். அங்கேயே 1969 மே மாதம், 35ஆம் வயதிற் காலமானார்.

1984இல் மைக்கேல் பெரி என்னும் ஆங்கில அறிஞர் குவாண்டம் பொறிமுறையில் இத்தகைய பிறழ்ச்சியைக் கண்டு புகழ்பெற்றார். ஒளியில் அதனைப் பஞ்சரத்தினம் முன்னரே கண்டமையை 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டிற் பெரி அவ்வுண்மையைத் தாமே விரித்தெழுதினார்.

1988இல் அகரோனொவ், அல்பேட், வைத்மன் என்போர் மென் அளவீட்டை வகுத்தனர். நுண்பொருளைக் கலைக்காது மெல்லத் தொட்டளந்து, அதன் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் சேர நோக்கி இடைநிலை மதிப்பைத் துணிவது அம்முறை. எழுவாயும் பயனிலையும் நோக்கி இடைநின்ற சொற்குப் பொருள் துணியும் நம் உரையாசிரியர் வழக்கை இஃது ஒக்கும். தொடக்கம், இடை, முடிவு என்னும் மூன்று நிலைகளும் ஆக்கும் முக்கோணமே அம்மதிப்பின் அவத்தையை நிருணயிக்கின்றது. அதுவே பஞ்சரத்தினம் கண்ட முக்கோணம்! 1991இல் இம்முறையை மெய்ப்பித்த ஒளிச்சோதனையிலும் முனைவாக்கிகளின் இடையே நின்றது ஒரு பளிங்குத் தகடே.

முப்பது ஆண்டுகள் அவர் கட்டுரை நூலகத்தில் உறங்கிற்று. அதனை எடுத்துக்காட்டியோர் அவர்தம் நாட்டினரே. நம்மவர் எழுதியதை நாமே படியாதிருப்பின், அதனை உலகிற்கு உணர்த்துவார் யார்?