டிராக்டர் செய்தவர் ஃபெராரிக்கு சவால் விட்டது எப்படி? யார் இந்த ஃபெருச்சோ லம்போர்கினி?

கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். டியூனர் காரா, மசில் காரா, எக்ஸாட்டிக் காரா, எது கெத்து? 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் டொயோட்டா சுப்ராவும் டாட்ஜ் சார்ஜரும் மோதிய பிறகு இந்தச் சண்டை இன்னும் சூடாகிவிட்டது. சாதாரண காரை வாங்கி, இன்ஜினை நோண்டி வேகம் கூட்டுபவர்கள் ஒரு பக்கம். பெரிய வி8 இன்ஜினோடு உறுமுகிற அமெரிக்க கார்தான் கார் என்பவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தரையோடு தரையாகப் போகும் இத்தாலிய காரைக் கைகாட்டுபவர்கள் மூன்றாவது ரகம்.

இந்த மூன்றாவது ரகம் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும் பெயர் லம்போர்கினி. ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஃபெருச்சோ லம்போர்கினி தொடங்கியது முதல் ரகத்தில். ஆமாம், அவர் முதலில் ஒரு டியூனர். நடுவில் டிராக்டர் வியாபாரி. எக்ஸாட்டிக் கார் எல்லாம் வந்தது 47 வயதுக்குப் பிறகுதான்.

திராட்சைத் தோட்டத்து பையன்

1916 ஏப்ரல் 28. வடக்கு இத்தாலியின் சென்டோ நகரை ஒட்டிய ரெனாட்ஸோ கிராமத்தில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார் ஃபெருச்சோ. தோட்டத்தைவிட தோட்டத்தில் இருந்த இயந்திரங்கள் மீதுதான் பையனுக்கு ஆர்வம். பொலோன்யா பக்கம் தொழிற்கல்வி படித்தார்.

1940-ல் இரண்டாம் உலகப்போர் அவரை இத்தாலிய விமானப்படைக்கு இழுத்துக்கொண்டது. கிரேக்க கடலில் உள்ள ரோட்ஸ் தீவில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. தீவு என்பதால் உதிரி பாகம் கேட்டால் உடனே வராது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பின்னாளில் அவருக்கு சோறு போட்ட பாடம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். போர் முடியும்போது தீவு பிரிட்டிஷார் கைக்குப் போக, ஃபெருச்சோ போர்க்கைதி ஆனார். வீடு திரும்பியது 1946-ல்.

ஊருக்கு வந்ததும் பியேவே தி சென்டோவில் ஒரு மெக்கானிக் ஷெட் போட்டார். கல்யாணமும் ஆனது. ஆனால் 1947-ல் மகன் டோனினோ பிறந்தபோது மனைவி க்ளேலியா பிரசவத்திலேயே இறந்துபோனார். கையில் பச்சைக்குழந்தை, ஒரு சின்ன ஷெட், போரில் நொறுங்கிய நாடு. 31 வயதில் ஃபெருச்சோவிடம் இருந்தது அவ்வளவுதான்.

சுவரில் மோதிய டியூனர் கார்

ஃபியட் டோபோலினோ என்று ஒரு குட்டி கார். டோபோலினோ என்றால் இத்தாலியில் மிக்கி மவுஸுக்கு வைத்த பெயர். 569 சிசி இன்ஜின்தான். ஃபெருச்சோ அந்த இன்ஜினை 750 சிசி வரை பெரிதாக்கி, மேல்கூரை இல்லாத ரெண்டு சீட் காராக மாற்றினார். மலிவான கார், கையில் இருக்கும் திறமை, ராத்திரி வேலை. டியூனர் கலாசாரம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதேதான்.

1948-ல் அந்தக் காரோடு மில்லே மில்யா பந்தயத்தில் இறங்கினார். இத்தாலியின் பொதுச் சாலைகளில் நடக்கும், பேருக்கேற்ப சுமார் ஆயிரம் மைல் போகும் பந்தயம் அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அந்தக் குட்டி கார், டூரின் பக்கத்தில் ஃபியானோ என்ற ஊரில் சாலையோர உணவகத்தின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஃபெருச்சோவின் பந்தய ஆசை அதோடு முடிந்தது. பிறகு சொந்தமாக கார் கம்பெனி வைத்தபோதும், கம்பெனி பணத்தில் பந்தயம் கிடையாது என்பதில் கடைசி வரை கறாராக இருந்தார்.

பணம் வந்தது டிராக்டரில்

போர் முடிந்த இத்தாலியில் விவசாயிகளுக்கு டிராக்டர் வேண்டும், ஆனால் வாங்கக் காசு இல்லை. மறுபக்கம், கைவிடப்பட்ட ராணுவ வண்டிகள் குவிந்து கிடந்தன. அந்த பாகங்களை வாங்கி டிராக்டராக மாற்றினார் ஃபெருச்சோ. பெட்ரோல் விலை அதிகம் என்பதால், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து பிறகு விலை குறைந்த டீசலில் ஓடும்படி ஒரு அமைப்பையும் சேர்த்தார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1948-ல் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி பிறந்தது. 1950-களில் இத்தாலியின் பெரிய விவசாய இயந்திர தயாரிப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். அடுத்து வீடுகளைச் சூடாக்கும் பர்னர், ஏர் கண்டிஷனர் தயாரிப்பிலும் இறங்கினார்.

பணம் வந்ததும் கார் ஆசை மறுபடி எட்டிப்பார்த்தது. மெர்சிடிஸ் 300 எஸ்எல், ஜாகுவார் இ-டைப், மசெராட்டி என்று வரிசையாக வாங்கினார். ஃபெராரி 250 ஜிடியும் வந்தது. வந்தது பிரச்சினையும்தான்.

கிளட்ச் தகராறு: உண்மை எவ்வளவு?

ஃபெராரியின் கிளட்ச் அடிக்கடி தேய்ந்துபோனது. ஒருநாள் தன் பட்டறையிலேயே பிரித்துப் பார்த்தால், தன் டிராக்டரில் போடும் அதே ரக கிளட்ச். விலை மட்டும் பல மடங்கு. இதைச் சொல்லப் போனபோது என்ஸோ ஃபெராரி, டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஃபெராரியைப் பற்றி என்ன தெரியும் என்கிற தொனியில் விரட்டிவிட்டார் என்பதுதான் உலகம் முழுக்க சொல்லப்படும் கதை. ஃபெருச்சோவே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்ன கதைதான். சினிமாவுக்கு ஏற்ற சீன், சந்தேகமே இல்லை.

ஆனால், கோபத்தை மட்டும் வைத்து யாரும் தொழிற்சாலை கட்டுவதில்லை. அந்த கிளட்ச் ஃபெருச்சோவுக்கு அவமானத்தைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியது: லாபக் கணக்கு. அதே பாகத்தை டிராக்டரில் போட்டால் சின்ன லாபம், விலை உயர்ந்த காரில் போட்டால் பெரிய லாபம். கூடவே, பந்தய காரைக் கொஞ்சம் மெருகேற்றி பணக்காரர்களுக்கு விற்பதுதான் ஃபெராரியின் வழக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல், சொகுசாக, நம்பி நீண்ட தூரம் போகக்கூடிய வேகமான காருக்கு இடம் காலியாக இருந்தது.

1963-ல் சான்ட்அகாதா போலோன்யேஸேவில் கார் தொழிற்சாலை எழுந்தது. வேலைக்கு எடுத்த ஆட்களைப் பாருங்கள். ஃபெராரி 250 ஜிடிஓ-வை உருவாக்கிய, 1961-ல் அங்கே நடந்த தகராறில் வெளியேறிய ஜோட்டோ பிட்ஸாரினி இன்ஜினை வடிவமைத்தார். 3.5 லிட்டர் வி12. அவர் கொண்டுவந்தது கிட்டத்தட்ட பந்தய இன்ஜின். ஃபெருச்சோவோ அதைச் சாலைக்கு ஏற்றபடி சாந்தமாக்கச் சொன்னார். அந்த வேலையைச் செய்தவர் இளம் இன்ஜினியர் ஜான் பாவ்லோ டல்லாரா. டியூனர்கள் செய்வதற்கு நேர் எதிர் வேலை! அந்த இன்ஜின் குடும்பம் படிப்படியாக வளர்ந்து, முர்சியேலாகோ கார் நிறுத்தப்பட்ட 2010 வரை தாக்குப்பிடித்தது.

முதல் கார் டூரின் கண்காட்சிக்கு வந்தபோது ஒரு கூத்து நடந்தது. இன்ஜின் உள்ளே பொருந்தவில்லை. எடை சரியாகத் தெரிய செங்கல்லை அடுக்கி, பானெட்டைத் திறக்காமலேயே கண்காட்சியை ஒப்பேற்றினார்கள். விற்பனைக்கு ஏற்ற 350 ஜிடி 1964-ல்தான் தயாரானது.

அதே 1964, அமெரிக்காவில் என்ன நடந்தது?

மசில் கார் கதை சூடு பிடித்ததும் அதே ஆண்டுதான். பான்டியாக் கம்பெனி, டெம்பெஸ்ட் என்ற நடுத்தர குடும்ப காரில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினைப் போட்டு ஜிடிஓ என்று இறக்கியது. பெயரே ஃபெராரியிடம் இருந்து சுட்டது. விலை 3,000 டாலருக்குள். வேலைக்குப் போகும் இளைஞர் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம்.

1966-ல் ஃபெருச்சோவின் பதில் போல வந்தது மியூரா. உண்மையில் அவர் கேட்ட காரே இல்லை. டல்லாரா, ஸ்டான்ஸானி, டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ் ஆகியோர் வேலை நேரம் போக ராத்திரியில் உட்கார்ந்து போட்ட திட்டம். வி12 இன்ஜினை டிரைவருக்குப் பின்னால், குறுக்குவாட்டில் வைத்தார்கள். பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ கான்டினி உடலை வடிவமைத்தார். அப்போது அவருக்கு 27 வயது. வியாபாரி மூளை உள்ள ஃபெருச்சோ இதை விளம்பரத்துக்கு உதவும் என்றுதான் அனுமதித்தார். ஜெனீவா கண்காட்சியில் கூட்டம் மொய்த்தது.

3.9 லிட்டரில் சுமார் 350 குதிரைத்திறன். பான்டியாக் ஜிடிஓ 6.4 லிட்டரில் காட்டியது 325. அதிலும் அன்றைய அமெரிக்க கணக்கு, இன்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து அளந்தது. சரி, அப்படியென்றால் மியூரா ஜெயித்ததா? விலையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மியூரா விலை சுமார் 20,000 டாலர். ஒரு மியூரா காசுக்கு ஆறு ஜிடிஓ வாங்கலாம். ஆரம்பகால மியூராவில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் வேறு. தெருமுனை மெக்கானிக்கால் தொட முடியாது. மசில் காரை ஒரு ஸ்பேனர் செட்டோடு வீட்டு வாசலிலேயே சரி செய்யலாம். டியூனருக்கும் மசில் காருக்கும் உள்ள இந்தச் சொந்தத்தை எக்ஸாட்டிக் ரசிகர்கள் கவனிப்பதே இல்லை. ரெண்டுமே சாமானியர் கைக்கு எட்டும் வேகம். ஃபெருச்சோ அங்கிருந்து கிளம்பி, தன் பழைய கூட்டாளிகளால் வாங்கவே முடியாத காரைச் செய்தார்.

டிராக்டரே கவிழ்த்தது

பிறந்தது ரிஷப ராசி, சின்னமும் காளை. மியூரா என்பதும் ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்த்தவரின் பெயர்தான். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் காளைக்கு மூச்சு வாங்கியது. இத்தாலி முழுக்க தொழிலாளர் போராட்டங்கள். பொலிவியாவில் ஆட்சி மாறியதில் ஆயிரக்கணக்கான டிராக்டர்களுக்கான ஆர்டர் ரத்தானது. கார் கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருந்த டிராக்டர் கம்பெனியே ஆட்டம் கண்டது.

1972-ல் கார் கம்பெனியின் 51 சதவீத பங்கை சுவிட்சர்லாந்து தொழிலதிபர் ஜார்ஜ் ஆன்ரி ரோஸெட்டிக்கு விற்றார். மிச்சத்தை 1974-ல் ரெனே லைமருக்கு விற்றார். டிராக்டர் கம்பெனி, போட்டி நிறுவனமான சாமே கைக்குப் போனது. அவர் காலத்தில் தொடங்கிய கூன்டாஷ் கார் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கம்பெனி வாசலில் பெயர் மட்டும்தான் அவருடையது.

பிறகு உம்ப்ரியா பகுதியில், ட்ராசிமேனோ ஏரி அருகே பனிக்காலேவில் நிலம் வாங்கி திராட்சை பயிரிட்டார். அப்பா செய்த அதே தொழில். அங்கே தயாரித்த ஒயினுக்கு மியூராவின் ரத்தம் என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார்.

1993 பிப்ரவரி 20-ல், 76 வயதில், பெருஜியாவில் ஃபெருச்சோ இறந்தார். கார் கம்பெனி பல கை மாறி 1998-ல் ஆடியிடம் வந்தது. டிராக்டர் கம்பெனி இன்றும் தனி. சாமே டாய்ட்ஸ் ஃபார் குழுமத்தின் கீழ் லம்போர்கினி பெயரிலேயே டிராக்டர் வருகிறது. அந்தக் குழுமம் இந்தியாவில் தொழிற்சாலை அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம், நம்ம ராணிப்பேட்டை.