ஓட்டுச் சில்லைப் பேசவைத்த சர் மார்ட்டிமர் வீலர்

நம் ஆத்தூர்ப் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது வாங்கியவர் பெயர். அல்லது சீராகக் கொடுத்தவர் பெயர். செய்த கன்னாரின் பெயர் அதில் இராது. ஆனால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் போய் வந்த முன்னோர் கொண்டுவந்த பழைய பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் சிறு முத்திரை தென்படும். பெரும்பாலும் அது செய்தவரின் முத்திரை. அதோடு நாட்டின் பெயரும் இருந்தால் வயதையும் ஓரளவு கணிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாட்டின் பெயர் பொறித்த தட்டு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது என்று கொள்வர்.

தட்டின் முத்திரையைப் படித்து ஊரும் காலமும் அறியும் இந்த முறையைக் கொண்டே, தென்னாட்டுத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு ஒன்றை வகுக்க முயன்ற அறிஞர் ஒருவர் உண்டு. அவரே சர் மார்ட்டிமர் வீலர்.

இளமையும் கல்வியும்

ராபர்ட் எரிக் மார்ட்டிமர் வீலர் 1890 செப்டம்பர் 10-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் பத்திரிகையாளர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்றார். 1913-ல் அவருக்கு ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அது அகஸ்டஸ் பிராங்க்ஸ் என்பவரின் நினைவாக ஏற்பட்டது. பிராங்க்ஸ் யார் தெரியுமா? கீழைநாட்டுப் பீங்கான்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, வகைப்படுத்தி, அட்டவணை வெளியிட்ட பெரியவர். அந்த உதவியைக் கொண்டு ரைன் ஆற்றுப் பகுதியின் ரோமானிய மட்கலங்களை வீலர் ஆராயத் தொடங்கினார். அந்தப் பயிற்சி முப்பது ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியில் பயன்படப் போகிறது என்று அன்று யார் கண்டார்!

முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றார். பின்னர் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்திலும், 1926 முதல் லண்டன் அருங்காட்சியகத்திலும் பொறுப்பேற்றார். வெருலாமியம், மெய்டன் காசில் ஆகிய இடங்களில் அவர் நடத்திய அகழாய்வுகள் புகழ்பெற்றவை. இவற்றில் அவருக்குச் சரிநிகர் துணையாக நின்றவர் மனைவி டெஸ்ஸா. அந்த அம்மையார் 1936-ல் காலமானார்.

வீலரின் முறை எளியது, ஆனால் கண்டிப்பானது. நிலத்தைச் சதுரங்களாகப் பிரிக்கவேண்டும். சதுரங்களுக்கு இடையே தோண்டாத வரப்பு விடவேண்டும். அந்த வரப்பின் பக்கச் சுவரில் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று உடனே குறிக்கவேண்டும். அடுக்கு தெரியாத பொருள், அது தங்கமே ஆயினும், பாதி ஊமை என்பது அவர் கொள்கை.

இந்தியா வருகை

இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டு பிரிகேடியர் ஆனார். 1944-ல், தம் 53-ஆம் வயதில், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து சேர்ந்தார். வந்த ஆண்டே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். பிற்காலத்தில் பெயர்பெற்ற பி. பி. லால் அங்கே பயின்றவர்களில் ஒருவர்.

அப்போது தென்னாட்டின் பெருங்குறை ஒன்று அவருக்குப் புலப்பட்டது. பானை ஓடுகள் ஏராளம். முதுமக்கள் தாழிகள் ஏராளம். ஆனால் இன்ன நூற்றாண்டு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கரிமக் கணிப்பு முறை அன்று கண்டுபிடிக்கப்படவில்லை.

அலமாரியும் அரிக்கமேடும்

1944-ல் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டபோது, ஓர் அலமாரிக்குள் நீண்ட கைப்பிடியோடு கூடிய சாடிக் கழுத்து ஒன்றை வீலர் கண்டார். மேலைநாட்டார் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் அனுப்பிய அம்போரா சாடியின் துண்டு அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பக்கம். உடனே அங்கே சென்றார். பொது நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளுக்கிடையே, பளபளப்பான சிவப்புத் தட்டின் சில்லுகள் அவர் கண்ணில் பட்டன.

மற்றவர்க்கு அவை உடைந்த ஓடுகள். வீலருக்கோ இளமையில் பழகிய முகங்கள்! இத்தாலியில் அரெஸ்ஸோ நகரின் பெயரால் அழைக்கப்படும் அரெட்டைன் கலங்கள் அவை. அந்தக் குயவர்கள் தட்டின் உட்புற நடுவில் தம் பட்டறைப் பெயரை முத்திரையாகப் பதிப்பது வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அவ்வகைத் தொழில் ஓய்ந்துவிட்டது. ஆகவே முத்திரை ஊரைச் சொல்லும். ஊர் காலத்தைச் சொல்லும்.

1945-ல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் வீலர் அகழாய்வு நடத்தினார். விபி, காமுரி, இட்டா என்ற பட்டறைப் பெயர்கள் கொண்ட சில்லுகள் ஆராயப்பட்டன. அரெட்டைன் சில்லு கிடைத்த அதே மண்ணடுக்கில் நம் நாட்டுப் பானை ஓடுகளும் இருந்தன. பெயரில்லாத நம் குயவரின் பானைக்கு, பெயர் பொறித்த இத்தாலியத் தட்டு வயது சொல்லிற்று! இக்கணக்கை வைத்துக்கொண்டு 1947-ல் கருநாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்து, பெருங்கற்காலக் குழிகளுக்கும் காலவரிசை வகுத்தார்.

நிறையும் குறையும்

பெரியோர் ஆயினும் அவர் முடிவுகள் எல்லாமே நிலைத்தன என்று கூறுதல் உண்மையாகாது. அரிக்கமேட்டில் கிடைத்த இன்னொரு வகைத் தட்டின் உட்புறத்தில், பற்சக்கரம் உருட்டியதுபோல் வளையக் கோலம் இருக்கும். அந்த வேலைப்பாடு நடுநிலக்கடல் நாட்டிலிருந்து வந்தது என்று வீலர் கருதினார். அத்தட்டில் முத்திரை இல்லை. பின்னர் களிமண்ணை ஆய்ந்தோர், அது இந்திய மண்ணில் செய்த தட்டே என்று காட்டினர். பாலித்தீவிலும்கூட அது கிடைத்துள்ளது. அதாவது, நம்மவர் வாங்கியது மட்டுமல்ல, அனுப்பியதும் உண்டு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, அரிக்கமேட்டில் ரோமானிய வாணிகத்துக்கு முன்பே மக்கள் குடியிருந்து தொழில் செய்தனர் என்பதைத் தெளிவாக்கியது.

பெருங்கற்காலத்துக்கு அவர் வகுத்த காலமும் பின்னோக்கி நகர்ந்துவிட்டது. நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிக்கு அருகில் பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்தெடுத்த நெல்மணிகள் கி.மு. 490-ஐ ஒட்டியவை என்று கரிமக் கணிப்பு கூறியது. ஆயினும் அந்த நெல் எந்தக் குழியில், எந்தக் கலத்தில் இருந்தது என்று குறித்துவைத்ததால் அல்லவா கணிப்புக்குப் பொருள் உண்டாயிற்று? வீலரின் முடிவு திருத்தப்பட்டது. அவர் வற்புறுத்திய ஒழுங்கு நிலைத்தது.

இறுதிக் காலம்

1948-ல் வீலர் இந்தியப் பதவியிலிருந்து விலகினார். 1952-ல் சர் பட்டம் பெற்றார். அந்நாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அறிஞர்கள் முன் ஒரு பழம்பொருளை வைத்து, அது என்ன, எந்த நாட்டது, எக்காலத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் நிகழ்ச்சி நடந்தது. அதில் பங்கேற்று வீலர் நாடறிந்தவர் ஆனார். 1976 ஜூலை 22-ல் மறைந்தார்.

நமக்கு உரிய பாடம்

நண்பர்களே! ஆண்டுதோறும் நம் ஊர்களில் பழைய வீடுகள் இடிகின்றன. பீங்கான் தட்டும் பித்தளைக் குடமும் பழைய சாமான் வண்டிக்கு எடைக்குப் போகின்றன. விலைக்குப் போவது தட்டு மட்டுமன்று; அதை யார், எந்த ஊரிலிருந்து, எப்போது கொண்டுவந்தார் என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது. முத்திரையைப் பிறகும் படிக்கலாம். பாட்டியின் நினைவில் உள்ள செய்தியைப் பிறகு எங்கே போய்ப் படிப்பது?

ஆதலால் தட்டைக் கவிழ்த்து முத்திரையைப் படம் எடுங்கள். வீட்டுப் பெரியவரைக் கேட்டு நான்கு வரி எழுதி அதனோடு வையுங்கள். வயலில் பானை ஓடு கிடைத்தால் கிடைத்த இடத்தைக் குறித்து, வரலாற்றுத் துறை ஆசிரியரிடம் காட்டுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும்.