முண்டா மக்களின் ஹாஃப்மன் சுவாமியார்

நங்கநல்லூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்களாகிய நாம் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்ற சொற்களை நன்கு அறிவோம். இந்தத் தாள்கள் எதுவுமின்றி, தம் முன்னோரின் அடக்கக் கல்லையே பட்டாவாக நம்பி வாழ்ந்தவர்கள் சோட்டா நாக்பூர் முண்டா பழங்குடியினர். அவர்களிடையே உழைத்த சேசு சபைக் குருவானவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் சுவாமியாரைப் பற்றி இந்த யூபிலி மலரில் சிறிது எழுத விரும்புகிறோம்.

1857-இல் ஜெர்மனியில் பிறந்த அவர், இளமையிலேயே வங்காள மிஷனுக்கு வந்து, குருப்பட்டம் பெற்றபின் ராஞ்சிக்குத் தெற்கேயுள்ள சர்வதா என்னும் ஊரில் பணியாற்றினார். அவருக்கு முன்பே, 1885-இல் அப்பகுதிக்கு வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சுவாமியார் ஏழைகளின் நில வழக்குகளில் துணை நின்றதால், ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இழந்த நிலம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களும் அவர்களில் பலர். நிலமோ ஜமீன்தார்கள் கையிலிருந்து மீளவில்லை.

மிஷன் பள்ளியில் படித்த பிர்சா முண்டா என்ற வாலிபர் மக்களைத் திரட்டினார். 1899 டிசம்பர் 24, கிறிஸ்மஸ் முந்திய இரவு. பாலனைத் தொழக் காத்திருந்த சர்வதா மிஷன் மீது அம்புகள் பாய்ந்தன. ஹாஃப்மன் உயிர் தப்பினார். பிர்சாவோ பிடிபட்டு, 1900 ஜூன் 9-இல் ராஞ்சிச் சிறையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபத்தைந்துதான். சுவாமியார் பிர்சாவின் இயக்கத்தை எதிர்த்தே நின்றார். அதை நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த அம்பு எய்தவர்களின் மனக்குறை நிலம்தான் என்பதையும், அவர்கள் கேட்டது நியாயம் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார்.

முண்டாக்களின் சமயத்தை அவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். சிங்போங்கா என்னும் மேலான தெய்வம், வெட்டாமல் விட்ட சால மரத் தோப்பாகிய சர்னா, சால மரம் பூக்கும்போது வரும் சர்ஹுல் திருவிழா ஆகிய எல்லாம் அவர் ஏடுகளில் இடம்பெற்றன. ஒவ்வொரு குலத்தார்க்கும் 'சசந்திரி' என்ற பெருங்கற்கள் உண்டு. இறந்தவர்களின் எலும்புகளை அவற்றின் கீழ் வைப்பார்கள். நவம்பர் 2-ஆம் நாள் பூவும் மெழுகுதிரியும் கொண்டு கல்லறைத் தோட்டம் செல்லும் நமக்கு இது புரியாத பக்தியல்ல. ஆனால் முண்டாவுக்கு அக்கல் இன்னொன்றையும் சொன்னது. காட்டைத் திருத்தி இவ்வூரை உண்டாக்கியவர் எம் பாட்டன். ஆகவே நிலம் எம் குலத்தாருடையது, ஜமீன்தாருக்கு உரியதன்று என்பதே அது. இந்த உரிமைக்கு 'குண்ட்கட்டி' என்று பெயர்.

கோர்ட்டுகளுக்கு இது விளங்கவில்லை. விளங்கும் மொழியில் எழுதித் தந்தவர்களுள் ஹாஃப்மன் ஒருவர். 1908-இல் நிறைவேறிய சோட்டா நாக்பூர் குடிவாரச் சட்டம் முண்டாக்களின் குண்ட்கட்டி உரிமையை ஏற்றுக்கொண்டது. சட்டம் மட்டும் போதாது, கடன்காரனிடம் மறுபடி நிலம் போகும் என்று கண்டு, 1909-இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் அவர் தொடங்கினார்.

அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக 1915-இல் அவர் நாடு கடத்தப்பட்டார். முண்டாரி இலக்கணத்தை 1903-இலேயே வெளியிட்டிருந்த அவர், அங்கிருந்தபடியே முண்டாக் கலைக்களஞ்சியத்தைத் தொடர்ந்து எழுதி, 1928-இல் கண் மூடினார். வான் எமெலன் சுவாமியார் போன்றோரின் துணையோடு உருவான அந்நூல் 1930 முதல் பாட்னாவில் பாகம் பாகமாக வெளிவந்தது. அச்சான ஒரு பாகத்தையும் அவர் கண்ணால் காணவில்லை.

1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஜார்க்கண்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2016-இல் அதைத் திருத்த அரசு முயன்றபோது, சர்னாவை வழிபடுவோரும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே எதிர்த்தனர். 2017-இல் திருத்தம் கைவிடப்பட்டது.